பின்சீட்டு வேண்டாதவர்

நூர்முகம்மது பழைய காரைப் பார்த்தால் பானெட்டைத் தொடமாட்டார். உள்ளே உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். "கடலூரு வண்டி மழத்தண்ணியில நின்னுச்சா இல்லியான்னு பெயின்ட் சொல்லாது தம்பி. பெல்ட்டு சொல்லிடும்."

முப்பத்தோரு வருடம் முதலாளிகளின் வாடகைக் காரை ஓட்டியவர். பின்சீட்டு உத்தரவுகளைக் கேட்டே பிடரி நரைத்த மனிதர். மனைவி சலீமா பீவி அந்தக் கார்களில் ஏறியது நாலைந்து தடவை. அதுவும் பின்னால், யாருடைய பெட்டிக்கோ பக்கத்தில். சொந்தமாக வாங்கினால் இரண்டு கதவு வண்டிதான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். "முன்னாடி நானு, பக்கத்துல அவ. பின்னாடி தேங்கா மூட்ட வேணா போவட்டும்."

அத்தி பூத்தாற்போல் கிடைக்கும் அந்த வண்டி, இந்த வாரம் ஒன்றுக்கு இரண்டாக விலைக்கு வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் நின்ற சிவப்பைக் கண்டு மனிதர் சொக்கித்தான் போனார். மூன்று முறை சுற்றி வந்துவிட்டுப் பெல்ட்டை உருவினார். கடைசிச் சாணில் சேற்றுக் கோடு.

"தூசி பாய்" என்றான் புரோக்கர் அருண்பாண்டியன்.

"தூசி ஸ்கேல் வச்சு கோடு போட்டாப்புலயா ஒக்காரும்?"

மறுநாள் சலீமாவையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனார். அங்கிருந்தது நீலம். நிறம் வெளுத்து, கதவு கிறீச்சிட்டது. பெல்ட் மட்டும் நுனிவரை சுத்தம். எஞ்சினும் முதல் சாவிக்கே பேசியது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. சீட் பள்ளத்தில் கிடந்தது. சலீமாவுக்கோ முழங்கால் வலி. "அவளால ஏறி எறங்க முடியலன்னா இது எனக்கு எதுக்கு?"

சலீமா பழக்க தோஷத்தில் முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழையப் பார்த்தார்.

"அங்க இல்ல சலீமா, இங்க."

உட்கார்ந்தார். இறங்கும்போது கதவைப் பிடித்து இரண்டு முறை எம்ப வேண்டியிருந்தது. நூர்முகம்மது ஓடிவந்து கை நீட்டினார். நிமிர்ந்து நின்ற சலீமா சிரித்துவிட்டார்.

"செத்த கஷ்டந்தாங்க. பரவால்ல, கடலூரு போயித்தான எறங்கப் போறேன்?"

சொல்லிவிட்டு மறுபடியும் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நூர்முகம்மது குனிந்து பெல்ட்டை இழுத்தார். இம்முறை மோந்து பார்க்கவில்லை. மனைவியின் தோளுக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்.