ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிய கூட்டம்

முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் பஸ் பிடிக்க நான் துறைமுகச் சாலையைத் தாண்டியாக வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொஞ்சம் இடைவெளி தெரிந்ததும் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவேன். டவுனில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. அங்கே போய் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

மாவட்டத்துக்குப் புதிய போக்குவரத்துத் திட்டம் தயாராகிறது, பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. வேலைநாள் காலையில், டவுனில் ஒரு அரசு அலுவலகத்தில் கூட்டம். அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பேசும் எண்ணம் எனக்கு இல்லை. என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

வரிசை வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது சில லாரி முதலாளிகளும், எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும், நானும்தான். கூட்டத்தை நடத்த வந்த பொறியாளர் இளம்பெண். காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் யாருமே வரல?" என்று எங்களிடமே கேட்டார்.

"இந்நேரம் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாவ மேடம்" என்றார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க ஊருக்கு வாங்க. இடம் பத்தாது, பாருங்க."

பொறியாளர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து, கரும்பலகையில் பெரிய வரைபடத்தை ஒட்டினார். இறால் கம்பெனிப் பெண்கள், துறைமுகத்துக் கூலிக்காரர்கள், கடைக்காரர்கள் என்று பெஞ்சுகள் நிறைந்து, ஜன்னல் வழியாகவும் தலைகள் தெரிந்தன.

தலைச்சுமையாக மீன் விற்கும் அக்கா ஒருத்திதான் முதலில் எழுந்தாள். "பஸ்ஸு எங்க தெருவுக்குள்ள வரணும். கூடையத் தூக்கிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்து வாரேன். வந்தா கண்டக்டரு ஏத்த மாட்டேங்காரு."

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "தெருவுக்குள்ள பஸ்ஸ விட்டா என் கட வாசல்லதான் நிக்கும். மீன்கூடைத் தண்ணி ஒழுகி ஒரே கவுச்சியாப் போயிரும்."

"அந்தக் கவுச்சி மீனத்தான நேத்தும் உங்க வீட்ல வாங்குனாவ, அண்ணாச்சி?"

அறையே சிரித்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பக்கம் சில கடைக்காரர்கள், அக்கா பக்கம் சில பெண்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பொறியாளர் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் இதோடு கலைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்திலேயே எழுந்துவிட்டேன் போல.

"எனக்கு ரோட்டத் தாண்டப் பயமா இருக்கு" என்றேன். "தெனமும் பயந்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். வீட்லகூட இதச் சொன்னதில்ல."

சத்தம் அடங்கியது. பின்பெஞ்சில் ஒரு இறால் கம்பெனிப் பெண், "எனக்குந்தான்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. வாட்டசாட்டமான துறைமுகத் தொழிலாளி ஒருவர்கூடத் தலையாட்டினார். "என் மருமவளும் அந்த ரோட்டத்தான் தாண்டிப் போறா" என்றார் அண்ணாச்சி, யாரிடம் என்றில்லாமல்.

பொறியாளர் வரைபடத்தில் எங்கள் தெருவைக் காட்டினார். மினி பஸ் உள்ளே வந்து போனால் யாரும் சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் திருப்பத்தில் கடைகளின் தகரக் கூரைகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, வண்டி திரும்பாது என்றார். எல்லார் கண்ணும் அண்ணாச்சி மேல் போயிற்று. அதிகமாக நீட்டியிருந்தது அவர் கடைக் கூரைதான்.

"என்னய என்னத்துக்குப் பாக்கிய? தகரத்த உள்ள இழுத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

அக்காவும் விட்டுக்கொடுத்தாள். "அப்ப நானும் மூடி போட்ட டப்பாவுல கொண்டு வாரேன், அண்ணாச்சி. ஒரு சொட்டு ஒழுகாது."

மழைக்காலம் முடிந்த பிறகு, சோதனை ஓட்டம் என்று ஒரு மினி பஸ் வந்தது. திருப்பத்தில் டிரைவர் தயங்கினார். அண்ணாச்சி கடையை விட்டு இறங்கிவந்து, "வா, வா, லேசா ஒடி" என்று கையைக் காட்டி வண்டியைத் திருப்பிவிட்டார். மீன் டப்பாவைக் கண்டக்டர் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

பஸ் இல்லாத நேரத்தில் சாலையைத் தாண்ட ஒரு சிக்னலும் அன்று கேட்டிருந்தோம்; அது இன்னும் வரவில்லை. அதற்குப் பல துறைகள் சம்மதிக்க வேண்டும், நாளாகும் என்று பொறியாளர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்காகவே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லியிருக்கிறார். இப்போது காலை பஸ்ஸில் அதுதான் பேச்சு. "இந்தத் தடவ மொதல்ல நீதான் பேசணும், ஏளா" என்கிறாள் மீன் விற்கும் அக்கா. சரி என்று சொல்லியிருக்கிறேன்.