தம்பி கொண்டுவந்த அடினியம்

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எதையும் லேசில் நம்ப மாட்டாள். தையல் சரியாக இருக்கிறது என்று யார் அடித்துச் சொன்னாலும், பொத்தானை ஒரு இழு இழுத்துப் பார்த்த பிறகுதான் சட்டை அவள் மேசையைத் தாண்டும். "நூலையே நம்பாத நீ மனுஷங்கள எங்க நம்பப்போற?" என்று சீண்டுவேன். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் எனக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி? "என் தம்பியத் தவிர யாரையும் நம்புறதில்ல" என்பாள், சிரிக்காமல்.

அந்தத் தம்பியை வளர்த்து ஆளாக்கியதே அவள்தான். அவன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகு வீட்டில் அவளும் ஒரு பூனையும் மட்டும். பூனைக்குத் துரை என்று பெயர், நடப்பும் அப்படித்தான். அவள் வேலை முடிந்து தாமதமாக வந்தால் ஜன்னலில் உட்கார்ந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவள் அதைச் சமாதானம் செய்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பெரிய தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். அடிமரம் பருத்து, கொத்துக் கொத்தாகப் பூத்த அடினியம். அவன் பல வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த செடி.

"உனக்குன்னு கொண்டுவந்தேன்கா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் செக்கிங் புத்தி விடுமா?

"வீட்டுல பூனை இருக்குடா. கடிச்சா ஒண்ணும் ஆகாதே?"

"உனக்குப் போய் நான் கெட்டதைக் கொண்டுவருவேனா?"

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் குடைந்து எடுத்திருப்பாள். தம்பி சொன்னதை மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை.

அந்த வாரமே துரை இலையைக் கடித்துவிட்டது. வாயெல்லாம் எச்சில், ஓயாத வாந்தி, பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள். கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். தம்பி நாய்க்குட்டி வாங்கியபோது அவனுக்கு இந்த டாக்டரை அறிமுகப்படுத்தியதும் அவள்தான்.

செடியின் பெயரைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அது அரளி இனம்மா. இலை, பூ, பால் எல்லாமே விஷம். இதயத்தையே பாதிக்கும். தம்பி சொல்லலையா? போன மாசம் அவரோட நாய்க்குட்டி அதைத்தானே கடிச்சுது! செடியை உடனே அப்புறப்படுத்துங்கன்னு சொன்னேன். பண்ணிட்டேன்னாரே."

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அப்புறப்படுத்தினானாம்! அவன் நாய் பிழைக்க வேண்டும், செடியும் பிழைக்க வேண்டும். அதற்கு அக்கா வீடு கிடைத்தது. அவள் ஊசி ஏறிய பூனையின் காலைப் பிடித்தபடியே நின்றாள். ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கி வளர்த்த பிள்ளையிடம் ஏமாந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து, துடிப்பு சீராகிவிட்டது, பிழைத்துக்கொள்ளும் என்றார். அதன் பிறகுதான் அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"துரை அந்தச் செடியைக் கடிச்சுட்டான்டா. ஆஸ்பத்திரியில இருக்கோம். டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நான்கூட நினைத்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்ட போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அக்கா" என்றான் அவன், "கோவத்துல செடியை வெட்டிப் போட்டுடலையே?"