கடன் தள்ளுபடிக் கூட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. மாலை நேரங்களில் உலகத்தைத் திருத்தும் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்துவந்தேன். ஏழை நாடுகள் பணக்கார நாடுகளிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே தேய்கின்றன என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். இதை எங்கள் தண்டையார்பேட்டைக்குச் சொல்லாமல் விடலாமா? எங்கள் வாசகர் மன்றத்தின் சார்பில் கூட்டம் போட்டேன். மன்றம் என்றால் நானும் இரண்டு நண்பர்களும்.

நீலத்தைக் கரைத்துச் சுவரில் நானே எழுதினேன். 'பணக்கார நாடுகளே, ஏழை நாடுகளின்' என்பது பொடியெழுத்து. 'கடனைத் தள்ளுபடி செய்' என்பது ஆளுயரம்.

ஞாயிறு சாயங்காலம் தெருவே நிரம்பிவிட்டது. என் பேச்சுக்கு இவ்வளவு மவுசா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நாடுகளின் ஒத்துழைப்பு, கடலையும் மண்ணையும் கெடுக்காத வளர்ச்சி என்று வெளுத்துவாங்கினேன். முன்வரிசையில் இருந்து ஒரு மீன்கார அம்மாள் எழுந்தார்.

"இன்னா நைனா, இஸ்துகினே போற? என் கம்மலு எப்போ வரும்?"

"எந்தக் கம்மல்?"

"சேட்டு கடைல கீதே, அது. தள்ளுபடின்னு செவுத்துல எய்தினது நீதான?"

அப்போதுதான் கவனித்தேன். பாதிப் பேர் கையில் அடகுச்சீட்டு.

"அது நாட்டோட கடன்மா. கோதுமைக்கும் மெஷினுக்கும் வாங்கினது."

"யாரு கட்றது?"

"நாமதான்."

"அத்தையும் சேத்து நான் கட்டணுமா?"

கூட்டம் கொதித்தது. கடனைத் தீர்க்க வந்தவன் புதுக்கடன் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "வா, இத்த சேட்டாண்ட சொல்லு" என்று இழுத்துப் போனார். தெருவே பின்னால் வந்தது.

அடகுக்கடைக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "இன்னா சமாச்சாரம்?" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே பேச்சு. பணக்கார நாடுகளுக்கு விடுத்த வேண்டுகோளை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற கும்பலையே பார்த்தார்.

"இந்த மாசம் வட்டி வோணாம். எல்லாம் வூட்டுக்குப் போங்க" என்றார்.

என் சொல்வன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று வழியெல்லாம் பூரித்தேன். "டேய், அவரு கேட்டது உன் பேச்சை இல்ல" என்று மன்றத்து நண்பன் ஒருவன் சொன்னதை நான் நம்பவில்லை.

சில மாதம் கழித்து மார்க்கெட்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். காதில் கம்மல்.

"நாட்டுக் கடன் இன்னா ஆச்சி?"

"பேசிக்கிட்டிருக்காங்கம்மா."

"தனித்தனியா போனா எவன் குடுப்பான்? கும்பலா போவச் சொல்லு" என்றபடி வஞ்சிரத்தை வெட்டினார். அன்று நான் பேரம் பேசவில்லை.