ஆத்தா சொன்ன ஊசி

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் அவர்மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டர் என்றால் சீட்டு எழுத வேண்டும், ஊசி போட வேண்டும், கத்தரிக்காய் ஆகாது என்று சொல்ல வேண்டும். வந்தவர்களிடமே என்ன செய்யலாம் என்று கேட்கிற டாக்டரை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காரிமங்கலத்திலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். எனக்கு மூச்சிரைப்பு. பாயை உதறினால் தும்மல் வரும், கேழ்வரகு அடித்தால் இரைப்பு வரும், தை பிறந்து மாமரங்கள் பூவெடுக்கும்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும். அப்பாவின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் நான் வாயில் வைத்து இழுக்கிற நீல நிற பஃப் இருக்கும். எனக்காக அவர் பீடியையே விட்டுவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பீடி வேட்டி மடிப்புக்கு இடம் மாறியிருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

பஃப் அடித்தால் இரைப்பு நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அதனால்தான் தர்மபுரியில் இருந்த அந்த அலர்ஜி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, மெல்லக் குத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் கொசு கடித்தது மாதிரி அங்கங்கே தடித்தது. வீட்டுத் தூசிக்கு உரிய இடம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எழும்பி நின்றது. எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாவதாக வராதவள் நான். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளிடம்கூடக் கையைக் காட்டினேன்.

டாக்டர் சொன்னது இதுதான். எந்தத் தூசி ஆகவில்லையோ அதையே மிகக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். முதலில் வாரா வாரம், அப்புறம் மாதத்துக்கு ஒன்று என்று மூன்று வருஷத்துக்குக் குறையாமல் வர வேண்டும். பாதியில் விட்டால் பட்ட பாடு வீண். எல்லோருக்கும் இந்த மருந்து கேட்கும் என்றும் சொல்ல முடியாது. மிக அபூர்வமாக, போட்டவுடனே உடம்பு முழுக்கத் தடித்து மூச்சடைப்பதும் உண்டு, அதனால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்புக்கு ஏதாவது செய்தால் வாய்விட்டுச் சொல்வாளா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அதெல்லாம் வாய் மூடவே மாட்டா சார்" என்றாள் அம்மா.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பா மட்டும் திரும்ப உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. "உங்க புள்ளயா இருந்தா போடுவீங்களா சார்?" என்று கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "போடுவேங்க. போட்டுட்டு அந்த அரை மணி நேரமும் கண்ண எடுக்காம பாத்துட்டு உக்காந்திருப்பேன்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். என்ன கேட்டீங்க என்று அம்மா விசாரித்ததற்கு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன் என்றார்.

வீட்டில் பஞ்சாயத்து சோற்றுத் தட்டுகளுக்கு முன்னால் கூடியது. அம்மா ஊசி போட்டே ஆக வேண்டும் என்றாள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் அவள்தான். பெரியப்பா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். வீட்டில் மூத்தவர் அவர், அவர் பேச்சை அப்பா மீறி நான் பார்த்ததில்லை. "ஏன்டா தம்பி, எது சேரலையோ அதையே ஊசியில ஏத்துவாங்களாமா? இவருக்கே தெரியாமத்தான நம்மள யோசிக்கச் சொல்றாரு?" என்றார். அதற்குமேல் பெரியம்மா ஒன்று சொன்னாள். "ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாகூட. நான் ரசத்தை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான். அம்மா தொடங்குவாள், பெரியப்பா மறுப்பார், பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்பாள், பேச்சு நின்றுவிடும். நடுவில் நான் இரண்டு முறை இரைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் படுத்தேன்.

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். "ஆத்தாகிட்ட பூ கேட்டுரலாங்ணா."

எங்கள் பக்கம் பெண் எடுப்பதென்றாலும், தண்ணீருக்குப் போர் போடுவதென்றாலும் மாரியம்மனிடம் பூ கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். பெரியப்பா தன் மகள் கல்யாணத்தையே பூ கேட்டு முடித்தவர். வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

பொட்டலத்தைப் பூசாரி கட்டுவதுதான் முறை. அன்றைக்கு அவர் எரியாத விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நானே கட்டிக் கொண்டாறேன் என்று அப்பா பூவையும் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கை முழுக்க வேர்வை. எடுப்பதற்குப் பிள்ளை வேண்டுமே என்று பார்த்தால், மற்ற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். இரைப்பினால் லீவு போட்ட நான்தான் அங்கே இருந்த ஒரே பிள்ளை. அப்படியாக, என் ஊசியை நானே எடுக்கும்படி ஆயிற்று.

நான் விவரம் தெரியாத பிள்ளை என்று அவர்கள் நினைத்ததுதான் தமாஷ். எனக்கு ஊசி வேண்டாம். மூன்று வருஷம் ஊசி என்பதைக் கேட்டதிலிருந்தே தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஈரப் பூவைக் காகிதத்தில் கட்டினால் சிவப்பின் சாயம் கொஞ்சமாவது வெளியே தெரியும், அதை எடுத்துவிட வேண்டும். குனிந்து நன்றாகப் பார்த்தேன். இரண்டு பொட்டலத்திலும் சாயம் இல்லை. அப்பா கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சரி, ஆத்தாவையே கேட்போம் என்று கண்ணை மூடி, செவப்பு குடு, செவப்பு குடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அழுதுவிட்டாள். பூசாரி கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு, மற்ற பொட்டலத்தையும் பிரித்துக் காட்டக் கையை நீட்டினார். அந்தப் புகை நேராக என் மூக்கில் ஏறியது. எனக்கு இரைக்கத் தொடங்கியது. அப்பா பாய்ந்து வந்தார். முதலில் அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார், அப்புறம்தான் என்னைத் தூக்கினார்.

வெளியே புளியமரத்தடியில் உட்கார வைத்ததும், பழக்க தோஷத்தில் நானே அவர் பைக்குள் கைவிட்டு பஃப்பை இழுத்தேன். கூடவே பொட்டலமும் வந்து, நூல் அவிழ்ந்து, பூ என் மடியில் கொட்டியது. அதுவும் வெள்ளை அரளி.

நான் பஃப்பை வாயில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்தேன். அப்பா கோயில் வாசலைப் பார்த்தார். யாரும் இன்னும் வரவில்லை. பூவைச் சட்டென்று அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். "ஆத்தா மாத்திட்டா கண்ணு. யாருகிட்டயும் சொல்லிராத, ஊசி பலிக்காமப் போயிரும்" என்றார்.

நான் அப்படியே நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, ஆத்தாமேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. நான் சிவப்பு கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம், அது அவள் இஷ்டம். எதைத் தொட்டாலும் நான் தப்பிவிடக் கூடாது என்று இன்னொரு பொட்டலத்திலும் பூவை மாற்றி வைப்பதா? வெகு நாள் கோயிலைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஊசி தொடங்கியது. பெரியப்பா அடியோடு மாறிவிட்டார். காரிமங்கலம் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க ஆத்தாவே எழுதிக் குடுத்த மருந்து" என்று சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் நான் சடை பின்னத் தாமதித்தால், பஸ் போய்விடும் என்று அவர்தான் முதலில் சத்தம் போடுவார். அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு இனிக்கிறது. ஜன்னலோர சீட்டு எனக்குத்தான். தக்காளிக் கூடைகளும் வெற்றிலை வாசமுமாகப் பஸ் ஆடி ஆடிப் போகும். ஊசி சுருக்கென்று முடிந்துவிடும், நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு டாக்டர் அறைக்கு வெளியே, மீன் தொட்டிக்கு எதிரே மரப் பெஞ்சில் அரை மணி நேரம். அது முடிந்தால் பேக்கரியில் தேங்காய் பன். அப்பாவுடன் இவ்வளவு நேரம் தனியாக இருந்தது என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இல்லை.

ஒருமுறை அப்பாவுக்குப் பதிலாக அம்மா வந்தாள். அரை மணி நேரமும் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மருமகள் கதை கேட்டாள். பெரியப்பா வந்த அன்று பெஞ்சிலேயே சாய்ந்து குறட்டை விட்டார், நர்ஸ் வந்து எழுப்பினார். அப்பா மட்டும் அப்படி இல்லை. டீ குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார். மீனைப் பார்க்க மாட்டார், பேப்பரைத் தொட மாட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அரிக்குதா, தொண்டை கரகரங்குதா, எங்க நாக்கை நீட்டு என்று ஓயாத தொணதொணப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை உண்மையாகவே அரித்தது. கை வீங்கிக் கழுத்தெல்லாம் தடித்து, இருமல் வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் ஓடியிருந்தார். தொடையில் வேறொரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்தது. ஆனாலும் மாலை வரை விடவில்லை. இனி அளவைக் குறைத்துத் தொடரலாம், வேண்டாம் என்றால் நிறுத்தியும் விடலாம், யோசிச்சுச் சொல்லுங்க என்றார் டாக்டர். அப்பா வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. வீட்டில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று சொன்னார். அம்மா சோறு போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் போகும் வழியில் அப்பா கோயில் வாசலில் நின்றார். கும்பிடவில்லை, சும்மா நின்றார். பஸ் வரும் சத்தம் கேட்டு நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

எனக்கு இரைப்பு முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் கேழ்வரகுக் களத்தில் நின்று மற்றவர்களோடு தூற்றினேன். அப்பாவின் பையில் பீடிக்கட்டு பழைய இடத்துக்குத் திரும்பியது.

போன மாதம் ஓசூரில் ஒரு டாக்டர் என் மகனைப் பார்த்துவிட்டு, ஊசி போடலாம், போடாமலும் சமாளிக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க என்றார். வெளியே வந்து, பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பாவின் அந்த அரை மணி நேரம் எனக்குப் புரிந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அம்மாவும் பெரியப்பாவும் ஆத்தாவைக் கேட்டிருப்பார்கள். அப்பா யாரைக் கேட்டிருப்பார்?

சின்னப் பிள்ளையாக இருந்த அந்த நாளில், உடம்பு தடித்த வாரத்துக்கு அடுத்த வாரம், மரப் பெஞ்சில் வைத்து அவரிடம் கேட்டேன்.

"ஆத்தாதான் சொல்லிட்டாளேப்பா. அப்புறம் எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?"

"ஆமாமா" என்றார் அப்பா. பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

நான் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை பெரிய ஆளாக இருந்தும் அப்பாவுக்குச் சாமிமேல் நம்பிக்கை போதாது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.