பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்

என் முதல் கோபம் கடிகாரத்தின் மேல்தான். மூன்று வருட வேலையைப் பதினைந்து நிமிடத்தில் சொல் என்றால் என்ன நியாயம்? எங்கள் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தியானால் ஆராய்ச்சி இன்னும் ஓராண்டு நீளும். இல்லாவிட்டால் கருவிகளைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கட்சால் தீவில் எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்புக் கிணறுகளில் உப்பு குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எனக்குக் கப்பல் கிடைக்காத மாதங்களில், அங்கேயே இருக்கும் அம்மா தண்ணீர் மொண்டு, பாட்டிலில் தேதி எழுதி, போர்ட் பிளேர் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வேலை நின்றுபோனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை.

ஒரு வாரமாகப் போர்ட் பிளேரில், ஜங்லிகாட் வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினேன். கணவருக்கு ஹேடோ துறைமுகத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தவரை உட்காரவைத்து முப்பத்தெட்டு ஸ்லைடுகளையும் காட்டினேன்.

"மெட்ராஸ் கப்பல்ல கூட இவ்ளோ சரக்கு வராது. பாதிய இறக்கு" என்றார்.

"எதை இறக்கறது? நீங்களே சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும். ஆனா புரியுது. டென்ஷன் மத் லோ, பயப்படாத."

இறக்கினேன். பன்னிரண்டுக்கு வந்தது. சுனாமி அலைக்கு முன், அலைக்குப் பின் என்று, இன்றைய கரையின் மேலேயே வரைந்த இரண்டு உப்பு வரைபடம், பிறகு மழைக்காலம், கோடைக்காலம், கிணறு கிணறாக உப்பின் அளவு. ஆய்வகத்தில் ஒரு பெங்காலிப் பெண்ணும் ஒரு தெலுங்குக்காரரும் கேட்டுவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். அவர்களும் என் கணவரைப் போலவே இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குழு வரும் நாளும் வந்தது. மேடையில் ஏறியதும் முதல் இரண்டு நிமிடம் என்ன பேசினேன் என்று இன்றும் நினைவில்லை. எப்படியோ பன்னிரண்டையும் முடித்துவிட்டேன், ஒரு நிமிடம் மிச்சம் கூட இருந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

குழுத் தலைவர் வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கிணறு வெட்டினால் உப்பாகத்தானே இருக்கும்? ஏன் அங்கே போய் வெட்டினார்கள்?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். என் பன்னிரண்டு ஸ்லைடிலும் அதற்குப் பதில் இல்லை. பழகின ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. வாயில் வந்தது எங்கள் தீவு ஹிந்திதான்.

"யாரும் கடலோரத்தில் வெட்டவில்லை சார். அலை வந்த அன்று நிலமே கீழே இறங்கிவிட்டது. உள்ளே வந்த கடல் முழுசாகத் திரும்பிப் போகவே இல்லை."

அவர் மெதுவாக, "பழைய கரை எங்கே இருந்தது, காட்டுங்கள்" என்றார். வரைபடத்தில் நீல நிறத்துக்குள் புள்ளியை வைத்தேன். அது என்ன இடம் என்று கேட்டார். "நாங்கள் விளையாடின இடம்" என்றேன்.

மாலையில் முடிவு சொன்னார்கள். ஓராண்டு நீட்டிப்பு உண்டு. முதல் பக்கத்திலேயே பழைய கரையின் வரைபடத்தைச் சேர்த்து அறிக்கையைத் திருத்தித் தர வேண்டும். எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, அதுவும் என் மேலேயே; இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லாமல் விட்டிருந்தேன்.

அம்மாவுக்கு லைன் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.

"கெடச்சிருச்சா புள்ள?"

"கெடச்சிருச்சும்மா. இன்னும் ஒரு வருஷம்."

"நல்லது. என்னா கேட்டாங்க?"

"நம்ம கெணத்த ஏன் கடலு பக்கத்துல போயி வெட்டுனோம்னு கேட்டாங்க."

அம்மா திருப்பிக் கேட்டார்.

"இத்தன வருஷமா அவங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"நான் சொல்லலம்மா" என்றேன்.