முதல் அழுத்தத்திலேயே அடிக்க வேண்டிய மணி

புதன்கிழமை காலை பருத்திப்பட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது தனசேகரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முந்தின நாள் சாயங்காலச் சண்டையைத் தொடரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்ன சார், இன்னும் திட்டி முடிக்கலையா?" என்று கேட்டேன். பேசியது அவருடைய மச்சான். "மேடம், மாமா செத்துட்டாரு" என்றார். "எந்த மாமா?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஆட்டோ வந்து நின்றது, ஆள் ஏற்றியது, போனது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்த, வம்பு வளர்த்த, அவர் காசில் பஜ்ஜி தின்ற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். வெள்ளானூரில் அவர் வீட்டு வாசலில் நாம் எல்லோரும்தான் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர யாருக்கும் பேச வரவில்லை. நம் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பேசுகிற மனிதரைத் தாடையில் துணி கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அந்தத் துணியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனி லிஃப்டுக்குள் இருக்கும் ஆபத்து மணியைச் செய்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்தினால் கீழே வாட்ச்மேன் அறையில் மணி அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரு ஜோடிக் கம்பி. இரண்டு கம்பிக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் அந்தப் பக்கத்துச் சிப் செய்தியாகப் படிக்கும். மின்சுற்றுப் போர்டு தனசேகருடையது, அதில் ஓடும் மென்பொருள் என்னுடையது. ஆகவே எது கெட்டாலும் முதலில் ஒருவரையொருவர் சந்தேகப்படுவோம்.

வழக்கமான சிப் கிடைக்காமல் போனபோது எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். லிஃப்டுக்குள் வைக்கும் போர்டுகள் பழைய சிப்போடு தயாராக இருந்தன. வாட்ச்மேன் அறைக்கான போர்டுகளுக்குத்தான் சிப் இல்லை. வேறு கம்பெனியின் சிப்பைக் கொண்டுவந்தவர் தனசேகர்தான். ஒரு முனையில் ஒரு கம்பெனி, மறு முனையில் இன்னொரு கம்பெனி, சரிப்படுமா என்று இழுத்தேன். "இன்னா கரூரம்மா, ரெண்டும் ஒரே பாஷைதான் பேசுது. நீ கரூர்ல இருந்து வந்து என்னாண்ட பேசலியா?" என்றார். அன்றைக்கே இரண்டு போர்டையும் இணைத்தார். ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. கம்பி சேர்க்கிற சிப்பின் கால்களில், ஒரு கம்பெனி ஏ என்று பெயர் வைத்ததை இன்னொரு கம்பெனி பி என்கிறது. அவர் எழுத்தைப் பார்த்துக் கம்பியைக் கொடுத்துவிட்டார், ஆக இரண்டும் தலைகீழ். வேறு யாராவது என்றால் சத்தமில்லாமல் மாற்றிக்கொடுத்திருப்பார்கள். இவர் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, "இன்னிக்கு முட்டாள் நான்தான், எல்லாருக்கும் பஜ்ஜி" என்று அறிவித்தார்.

கம்பியை மாற்றியதும் எல்லாம் ஓடியது. நாள் முழுக்க செய்தி மேல் செய்தி அனுப்பினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு அது போதும். அவருக்குப் போதாது. புது சிப் எது வந்தாலும் அவர் ஒரு காரியம் செய்வார், பார்த்திருப்பீர்கள். லைனில் எதையும் அனுப்பாமல் சும்மா விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். "பேசுறப்போ எல்லாச் சிப்பும் யோக்கியன்தான். யாரும் பேசாதப்போ இன்னா பண்றான்னு பாரு" என்பார். வேலை ஏய்க்க நல்ல சாக்கு என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தத் திங்கட்கிழமை டீ முடிந்து வந்து பட்டனை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார், அடித்தது. பழைய சிப்புக்கு, லைன் சும்மா கிடந்தால் சும்மா கிடக்கிறது என்று தெரியும். புதியது அந்த நேரத்தில் காற்றில் வரும் மின் இரைச்சலையெல்லாம் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது. அந்தக் குப்பையோடு சேர்ந்து முதல் செய்தி கெட்டுப்போய்விட்டது.

முதலாளிக்கு அவசரம். திருவேற்காட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் திறக்கக் காத்திருந்தது. "ரெண்டாவது தடவை அடிக்குதே தனா, அனுப்பிடலாம்" என்றார்.

"உள்ள மாட்டிக்கினு கீறவன் பயத்துல ஒரு வாட்டி அமுக்கிட்டு, யாராவது வருவாங்கன்னு குந்தினு இருப்பான் சார். என்னால முடியாது."

தான் கொண்டுவந்த சிப், தானே வேண்டாம் என்கிறார். முதலாளி கத்தினார். இவர் குரலை உயர்த்தவே இல்லை, போர்டை அனுப்பலாம் என்று கையெழுத்தும் போடவில்லை. செவ்வாய் சாயங்காலம் நான் போனில் சமாதானம் சொன்னேன்: மென்பொருளில் ஒரே செய்தியை மூன்று முறை அனுப்பிவிடுகிறேன், பிரச்சினை தீர்ந்தது. அதற்குத்தான் திட்டு. "நீ மூணு வாட்டி அனுப்பு, வேணான்னு சொல்லல. ஆனா அழுக்க வச்சிகினு மேல பவுடர் போடாத. சும்மா கெடக்குறப்போ லைன ஒரு பக்கமா இழுத்துப் புடிக்க ரெண்டு ரெசிஸ்டர் போடணும். காலைல வந்து போடறேன்" என்றார். காலையில் வருகிறேன் என்றார், ஐயா. அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

காரியம் முடியும் முன்பே, வெள்ளிக்கிழமை, முதலாளி என் மேசைக்கு வந்தார். அவரும் அழுதவர்தான், அதில் பொய் இல்லை. "தனாவே போயிட்டான். இனிமே யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது? நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பிடும்மா" என்றார்.

"முடியாது சார்" என்றேன்.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனாலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. தனசேகரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அவர் மேசையில் உட்கார்ந்து இரண்டு ரெசிஸ்டரையும் நானே வைத்தேன். பற்றவைப்பு அசிங்கமாகத்தான் இருந்தது. மென்பொருளை மாற்றவில்லை, லைன் மட்டும் சரியாகிறதா என்று பார்க்க வேண்டும். எதையும் அனுப்பாமல் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். முதலாளியும் நின்றார். பட்டனை அழுத்தினேன். மணி அடித்தது.

யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டேன். மணி போய்க்கொண்டிருக்கும்போதுதான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று உறைத்தது. துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி.

"அக்கா, மணி அடிச்சிடுச்சு" என்றேன்.

"மொத வாட்டி அமுக்கினப்பவேவா?" என்று கேட்டார்.