பொட்டு வைத்த காட்

ஏ.ரி.எம். வாசலில் காவல் நிற்கிற எனக்குக் கள்ளனால் தொல்லை எப்போதாவதுதான்; காசெடுக்க வருகிற சனத்தால் தினமும். கிளிநொச்சியில் அந்த வரிசையில் நின்று காய்ந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சத்தமான இரகசியம்

இரணைமடுப் பக்கத்து வயல்காரர் ஒருவர். இரகசிய இலக்கம் மறந்துபோச்சு. மனிசிக்குப் போன் எடுத்தார். அவா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகக் கத்திக் கத்தி அமத்தினார்.

"ஐயா, ஊருக்கே கேக்குது. கள்ளன் ஆரும் நிண்டால்?" என்று பாய்ந்தேன்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணை, கடைசி இலக்கம் வடிவாக் கேக்கேல்லை. திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ!"

குடை

பிறகு எல்லோரிடமும் இலக்கத்தை மறைத்து அமத்தச் சொன்னேன். சந்தையில் புடவைக்கடை வைத்திருப்பவர் உள்ளே போய், குடையை விரித்துத் தலையோடு கவிழ்த்துக்கொண்டார். எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பிழை பிழையாக அமத்த, மெசின் அவருடைய வங்கிக் காட்டை விழுங்கிவிட்டது. வெளியே வந்து என்னை முறைத்தார்.

"கள்ளன் வெளியில நிப்பான் எண்டெல்லோ சொன்னனீங்கள்? அவன் உள்ளுக்கையெல்லோ இருக்கிறான்!"

எல்லாக் காட்டும் ஒண்டில்லை

வயல் செய்கிற மனிசி தவமணி. விதைப்புக்குச் சேர்த்த காசு முழுக்க வங்கியில்தான். அது போனால் அந்தப் போகம் வயல் தரிசு. அவா காசெடுக்க வந்த அன்றைக்கு நான் வாசலை மறித்து லான்ட்மாஸ்டர் உழவு மெசினை நிறுத்தியவனோடு சண்டை. அந்த நேரம் பார்த்து, மடிப்புக் கலையாத சேட்டோடு ஒருத்தன் "அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று அவாவோடு உள்ளே போனான். இலக்கத்தைக் கேட்டு அமத்தினான். "மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ" என்று காட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அவா அதைப் பார்த்தா. பிறகு போட்டா ஒரு கூச்சல்.

"இது என்ர காட் இல்லை!"

"எல்லாக் காட்டும் ஒண்டுதான் அம்மா."

"என்ரைக்குச் சந்தனம் குங்குமம் வைச்சுப் பிள்ளையாருக்கு முன்னால படைச்சனான். இது மொட்டையாக் கிடக்கு. எடடா என்ரைய!"

நான் கதவை மறித்தேன். லான்ட்மாஸ்டர்காரன் அவனுடைய கொலரைப் பிடித்தான். சேட்டுப் பையிலிருந்து பொட்டு வைத்த காட் விழுந்தது. பின்னால் இன்னும் நாலைந்து காட்டுகள். பொலிஸ் வருமட்டும் தவமணி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஒண்டிலயும் பொட்டில்லை அண்ணை. பாவங்கள், தங்கட எதெண்டு என்னெண்டு கண்டுபிடிக்கப் போகுதுகள்?"

இப்போது வரிசையில் பாதிப்பேர் பொட்டு வைத்த காட்டோடுதான் வருகினம். மெசினின் வாயிலிருந்து சந்தனம் சுரண்டுவதும் என்ர உத்தியோகமாய்ப் போச்சு.